பேப்பர் அக்செப்ட் ஆகிவிட்டது, பில்லும் வந்துவிட்டது

முன்பெல்லாம் ஆய்வு மாணவர்கள் புத்தகம் கேட்டு என் நூலக மேசைக்கு வருவார்கள். இப்போது பாதிப்பேர் கையில் இன்வாய்ஸோடு வருகிறார்கள். யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று விடும் ஓப்பன் அக்சஸ் இதழ்கள் எழுதியவரிடம் வாங்கும் கட்டணம், அதைத்தான் ஏபிசி (APC) என்கிறார்கள், அப்புறம் அதிலிருந்து கிடைக்கும் வெய்வர், அதாவது கட்டண விலக்கு, இரண்டைப் பற்றியும் எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

சேலம், ஆய்வு மாணவி: மேடம், என் பேப்பர் போன வாரம் அக்செப்ட் ஆனது. இப்போது 1,900 டாலர் கேட்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இனிமேல் வெய்வர் கேட்கலாமா?

கேளுங்கள், ஆனால் தாமதம்தான். பெரும்பாலான பதிப்பகங்கள் வெய்வரைக் கட்டுரை அனுப்பும்போதே கேட்கச் சொல்கின்றன. சப்மிஷன் படிவத்தில் நான்கைந்து பக்கம் தாண்டி, நிதியுதவி விவரம் கேட்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படங்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கும்போது அதை யார் படிக்கிறார்கள்? "கட்டணம் செலுத்தச் சம்மதம்" என்பதை டிக் செய்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும், நாமும் டிக் செய்துவிட்டுப் போய்விடுவோம். வேதியியல் மாணவர் ஒருவர் அப்படித்தான் செய்தார். ஏற்பு வந்தபின் வெய்வர் கேட்டு எழுதினார். அவர் டிக் செய்த தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு ஒரே வரியில் பதில் வந்தது.

உங்கள் விஷயத்தில் முதல் வேலை, வெளியீட்டு உரிமை தரும் லைசென்ஸ் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பது. அடுத்து, அந்த இதழ் முழு ஓப்பன் அக்சஸா, ஹைப்ரிடா என்று பாருங்கள். ஹைப்ரிட் என்றால், படிப்பவர் பணம் கட்டும் சந்தா வழியில் வெளியிடவும் இடம் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் பொதுவாக ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. எத்தனையோ பேர் அந்தப் பக்கத்தில் 'ஓப்பன் அக்சஸ்' பட்டனை அழுத்திவிட்டு வந்து அழுகிறார்கள். முழு ஓப்பன் அக்சஸ் என்றால், எடிட்டருக்கு அல்லாமல் எடிட்டோரியல் ஆபீஸுக்கு எழுதுங்கள். நீளமான கதை வேண்டாம். "இந்த ஆய்வுக்குத் தனி நிதி எதுவும் இல்லை. நான் உதவித்தொகையில் படிக்கும் மாணவி. எங்கள் நிறுவனத்தில் வெளியீட்டுக் கட்டண நிதி கிடையாது என்பதற்குத் துறைத்தலைவர் கடிதம் இணைத்துள்ளேன். என்னால் செலுத்த முடிந்த தொகை இவ்வளவு." நான்கு வரி போதும். அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முழு வெய்வர் மறுக்கப்படும் இடத்தில் அந்தத் தொகைக்கு ஒத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் சக ஆசிரியரை இப்போது கரஸ்பாண்டிங் ஆதராக, அதாவது இதழோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் ஆசிரியராக மாற்றி, கட்டணத்துக்காக அவர் பல்கலைக்கழகம் பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் நுழையப் பார்க்காதீர்கள். ஏற்புக்குப் பின் அந்த மாற்றத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற பேராசிரியர்: அம்மா, எங்கள் காலத்தில் பேப்பர் அனுப்பத் தபால்தலை செலவுதான். இந்தக் கட்டணம் எப்போது முளைத்தது?

ஐயா, உங்கள் காலத்திலும் இருந்தது, நம் பக்கம் அவ்வளவாக வரவில்லை. அமெரிக்க இயற்பியல் இதழ்கள் 1930-களிலேயே பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுதியவரின் நிறுவனத்திடம் கேட்டன. இன்றைய வடிவம் வந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். பயோமெட் சென்ட்ரல் பதிப்பகம் 2002-இல் கட்டுரைக்கு 500 டாலர் வாங்க ஆரம்பித்தது. 2003-இல் வந்த பிளாஸ் பயாலஜி இதழ் 1,500 டாலர் கேட்டது. வாசகன் இலவசமாகப் படிக்கட்டும், செலவை ஆய்வுக்கு நிதி தருபவர் ஏற்கட்டும் என்பதுதான் எண்ணம். நல்ல எண்ணம்தான், ஆனால் நிதியே இல்லாமல் ஆய்வு செய்பவர்கள் எங்கே போவார்கள்?

அப்புறம் பெயருக்கு விலை வந்தது. நேச்சர் இதழ் 2020 நவம்பரில் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய கணக்கில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். அப்போது ஆய்வு மாணவருக்கு அரசு தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 31,000. இரண்டு வருடத்துக்கு மேல் சாப்பிடாமல் சேர்த்தால் ஒரு பேப்பர். இத்தனைக்கும் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லித் திருத்தும் ரிவ்யூவருக்குச் சம்பளம் கிடையாது. நீங்களே எத்தனை பேப்பர் சும்மா பார்த்துக் கொடுத்திருப்பீர்கள்!

யாழ்ப்பாணம், விரிவுரையாளர்: அக்கா, இலங்கையர்களுக்குச் சஞ்சிகைக் கட்டணத்தில் விலக்கு இருக்கிறதா? எங்களோடு சென்னையில் ஒருவரும் சேர்ந்து எழுதுகிறார்.

இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் பாதிதான். ஸ்பிரிங்கர் நேச்சரின் முழு ஓப்பன் அக்சஸ் சஞ்சிகைகளுக்கான விதியைச் சொல்கிறேன், மற்ற பல பதிப்பகங்களும் இதே தடத்தில்தான் போகின்றன. உலக வங்கிக் கணக்கில் குறைந்த வருமான நாடு என்றால் முழு விலக்கு. கீழ்நடுத்தர வருமான நாடாகவும், மொத்த உள்நாட்டு உற்பத்தி 20,000 கோடி டாலருக்குக் குறைவாகவும் இருந்தால் 50 சதவீதம். இலங்கை 2019-இல் மேல்நடுத்தர வகைக்குப் போய், 2020 ஜூலையில் மறுபடி கீழே வந்தது. நாட்டுக்கு அது நல்ல செய்தி இல்லை, உங்கள் இன்வாய்ஸுக்கு மட்டும் நல்ல செய்தி.

சென்னைக்காரர் விஷயம் முக்கியம். கரஸ்பாண்டிங் ஆதர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்க்கும் பதிப்பகங்கள் உண்டு, எல்லா ஆசிரியர்களுமே பட்டியல் நாடுகளில் இருக்க வேண்டும் என்பவையும் உண்டு. முதல் வகையில் அவர் பெயரில் அனுப்பினால் உங்கள் பாதி போய்விடும். உண்மையிலேயே வேலையை முன்னின்று செய்தவர் நீங்கள் என்றால் உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள். இன்னொன்று, இந்தச் சலுகை ஹைப்ரிட் சஞ்சிகைகளுக்குப் பொதுவாகக் கிடையாது. உள்ளூர்ச் சஞ்சிகைகளையும் மறக்காதீர்கள். தேசிய விஞ்ஞான மன்றம் பராமரிக்கும் இலங்கைச் சஞ்சிகைகளின் இணையத் தொகுப்பில் போய்ப் பாருங்கள்.

திண்டுக்கல், கல்லூரி ஆசிரியர்: அப்படியென்றால் இந்தியா எங்கே மேடம்? நாமும் கீழ்நடுத்தர வருமானம்தானே?

தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஆம். மொத்தத்தில் நாம் மூன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டிய பொருளாதாரம். அந்த இரண்டாவது நிபந்தனையில் வெளியே நிற்கிறோம். நாடு பெரிது என்பதால் உங்கள் கல்லூரி எப்படிப் பணக்காரக் கல்லூரி ஆகும்? எனக்கும் புரியவில்லை. ஆனால் பட்டியல் அப்படித்தான் இருக்கிறது. தானாகக் கிடைக்கும் தள்ளுபடி நமக்கு அநேகமாக இல்லை, தனிப்பட்ட முறையில் காரணம் சொல்லிக் கேட்பதுதான் வழி. பிளாஸ் போன்ற லாபநோக்கற்ற பதிப்பகங்களில் அதற்கென்றே தனி விண்ணப்பம் உண்டு.

நம் அரசு செய்திருப்பது 'ஒரே நாடு ஒரே சந்தா'. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள். இது முக்கியமாகப் படிப்பதற்கான சந்தா. கட்டணத்துக்குக் கொடுப்பதற்காக ஆண்டுக்கு 150 கோடி ஒதுக்குவதாகவும், அது தேர்ந்தெடுத்த நல்ல ஓப்பன் அக்சஸ் இதழ்களுக்கு மட்டும் என்றும் சொன்னார்கள். உங்கள் கல்லூரி அந்த நிறுவனப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் உங்கள் நூலகரிடம் கேளுங்கள். தனியார் சுயநிதிக் கல்லூரி என்றால் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கோவை, பிஎச்டி மாணவர்: வாட்ஸாப்பில் வந்தது: "ஏழு நாளில் அக்செப்டன்ஸ், ஸ்கோபஸ் இன்டெக்ஸ்டு, 6,500 ரூபாய் மட்டும்." சேரலாமா மேடம்?

வேண்டாம். ஏழு நாளில் எந்த ரிவ்யூவரும் படித்திருக்க மாட்டார்.

ஸ்கோபஸ் என்பது ஆய்வு இதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம், அதன் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலை இலவசமாகப் பார்க்க முடியும், ஒவ்வொரு இதழுக்கும் உரிய ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டு நீங்களே தேடுங்கள். எண் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பட்டியலில் இருக்கும் பதிப்பகமும் உங்களுக்கு லிங்க் அனுப்பிய தளமும் ஒன்றுதானா என்று பாருங்கள். உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் நகல் தளங்கள் நிறைய. ஒரு பொறியியல் மாணவி அப்படி ஒரு தளத்தில் பணம் கட்டினார். அசல் இதழ் ஐரோப்பாவில் அச்சில் மட்டும் வரும் பழைய இதழ், அவருக்குக் கொடுத்த வங்கிக் கணக்கோ ஒரு தனிநபர் பெயரில்.

ஹைதராபாதின் ஓமிக்ஸ் பதிப்பகக் குழுமத்துக்கு எதிராக 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. கட்டணத்தை முதலில் தெளிவாகச் சொல்லாமல் பிறகு கேட்டது அங்கே வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. பெரிய பெயர் என்றால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். வைலி நிறுவனம் 29.8 கோடி டாலருக்கு வாங்கிய ஹிண்டாவி பதிப்பகத்தின் இதழ்களில் 2023-இல் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. எல்லாம் கட்டணம் வாங்கும் இதழ்கள்.

உங்களுக்கு அவசரம் ஏன் என்று தெரியும், தீசிஸ் கொடுக்க வேண்டும். யூஜிசியின் 2022 விதிகள் பிஎச்டிக்கு இதழில் வெளியிட்டே ஆக வேண்டும் என்பதை எடுத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் இன்னும் வைத்திருக்கலாம். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

திருநெல்வேலி, இயற்பியல்: துகள் இயற்பியல் பேப்பர். ஏதாவது வழி?

உங்களுக்குக் கவலையே இல்லை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் ஒருங்கிணைக்கும் ஸ்கோப்-3 ஏற்பாடு 2014 முதல் நடக்கிறது. ஃபிசிக்கல் ரிவ்யூ டி, ஜர்னல் ஆஃப் ஹை எனர்ஜி ஃபிசிக்ஸ் போன்றவற்றில் உங்கள் துறைக் கட்டுரைகள் ஓப்பன் அக்சஸாகவே வரும், எழுதியவர் எந்த நாடு என்றாலும் கட்டணம் இல்லை. மற்ற துறைக்காரர்கள் பொறாமைப்படலாம். மெஷின் லேர்னிங் ஆட்கள் மட்டும் வேண்டாம், அவர்களுக்கு ஜேஎம்எல்ஆர் என்ற இதழ் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே இலவசம்.

தஞ்சாவூர், உயிரியல்: பணம் வாங்காத இதழ் என்றால் தரம் குறைவு என்கிறார் என் கைடு.

டயமண்ட் ஓப்பன் அக்சஸ் என்று ஒரு வகை, எழுதுபவரும் கட்ட வேண்டாம், படிப்பவரும் கட்ட வேண்டாம். ஓப்பன் அக்சஸ் இதழ்களின் இணையப் பட்டியலான டிஓஏஜே-யில் இருக்கும் இதழ்களில் பெரும்பான்மை கட்டணம் வாங்காதவைதான். அங்கே தேடும்போதே 'கட்டணம் இல்லாதவை' என்று வடிகட்டிக்கொள்ளலாம். பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்களைக் கைடு குறை சொல்வாரா, கேட்டுப் பாருங்கள்.

2023 ஏப்ரலில் ஒரு சம்பவம் நடந்தது. எல்செவியரின் நியூரோஇமேஜ் மூளை ஆய்வில் முன்னணி இதழ், அப்போது கட்டணம் 3,450 டாலர். அதைக் குறைக்கச் சொல்லி எடிட்டர்கள் கேட்டார்கள், பதிப்பகம் மறுத்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மொத்தமாக ராஜினாமா செய்து, எம்ஐடி பிரஸ்ஸில் இமேஜிங் நியூரோசயன்ஸ் என்று புது இதழ் தொடங்கினார்கள். தரம் கட்டணத்தில்தான் இருக்கிறது என்றால், அவர்கள் எழுந்து வந்த பிறகும் அது பழைய இதழிலேயே தங்கியிருக்க வேண்டும்.

சென்னை, டிபிடி புராஜெக்ட்: நிதி கொடுத்தவர்கள் ஓப்பன் அக்சஸ் கட்டாயம் என்கிறார்கள். அப்போது கட்டித்தானே ஆக வேண்டும்?

இல்லை. மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையான டிபிடியும் அறிவியல் தொழில்நுட்பத் துறையான டிஎஸ்டியும் 2014 டிசம்பரில் கொண்டுவந்த கொள்கை, ஏற்கப்பட்ட இறுதிப் பிரதியை யாரும் படிக்கக்கூடிய இணையக் களஞ்சியத்தில் போடச் சொல்கிறது. சந்தா இதழில் இலவசமாக வெளியிட்டு, ரிவ்யூவர் திருத்தங்கள் சேர்ந்த உங்கள் வேர்டு ஃபைலைப் போடலாம். இதழின் லேஅவுட்டில் வந்த பிடிஎஃப் கூடாது. எத்தனை மாதம் கழித்துத் திறந்துவிடலாம் என்பது இதழுக்கு இதழ் மாறும், அதன் சுய காப்பகக் கொள்கைப் பக்கத்தில் இருக்கும்.

வேலூர்: வெய்வர் கேட்டால் ரிவ்யூவர் மதிப்புக் குறைத்துப் பார்ப்பாரா?

அவருக்குத் தெரியவே தெரியாது. பணப்பக்கம் தனி.

ஈரோடு: கைடும் நானும் பாதிப் பாதி கட்டப்போகிறோம். கவனிக்க வேண்டியது?

தளத்தில் போட்டிருப்பது வரி சேராத தொகை. ஜிஎஸ்டி சேரும், கார்டில் கட்டினால் வங்கியும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். இன்வாய்ஸ் யார் பெயரில் வர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரில் வந்த பில்லை அலுவலகம் திருப்பி அனுப்பினால், பாதிப் பாதி என்பது முழுசும் உங்களுடையது ஆகிவிடும்.

சேலம், மறுபடி: மேடம், நீங்கள் சொன்னபடி எழுதினேன். முழு ஓப்பன் அக்சஸ்தான். 40 சதவீதம் குறைக்கிறோம், பத்து நாளில் கட்டுங்கள் என்று பதில். மீதி 1,140 டாலர் என்னிடம் இல்லை.

துறைத்தலைவர் கடிதம் இணைத்தீர்களா? நீங்கள் அனுப்பியதில் அதைக் காணோம். அதோடு இன்னொரு முறை எழுதுங்கள், உங்களால் முடிந்த தொகையையும் போடுங்கள். பத்து நாள் கெடுவை நீட்டிக்கச் சொல்லி அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். கட்டுரையைத் திரும்பப் பெற்றால் அதற்கு ஏதாவது கட்டணம் உண்டா என்று அவர்கள் விதிப்பக்கத்தை நான் பார்த்து வைக்கிறேன். இதற்கிடையில் உங்கள் துறையில் கட்டணம் இல்லாத மூன்று இதழ்களைத் தேடிக் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் போன் செய்யுங்கள். லைசென்ஸ் படிவத்தை இன்னும் தொடவில்லைதானே?