கொட்டிலில் நிற்கும் ஜீப்

கேள்வி: ஐயா, அம்மப்பா 1950களில் வாங்கிய ஜீப் ஒன்று எங்கள் வளவுக் கொட்டிலில் இருபது வருடமாக நிற்கிறது. ஸ்டியரிங் இடது பக்கம். உலகப் போர்க் காலத்தில் பலாலியில் ஓடியது என்று அம்மப்பா சொல்லுவார். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? முழுவதையும் சுரண்டிப் புதுப் பெயின்ற் அடித்துத் தருவதாகக் கராஜ்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: தம்பி, சுரண்ட மட்டும் விடாதீர்கள். நீங்கள் கேட்பதற்குப் பாதிப் பதில் அந்தப் பழைய பெயின்ற்றுக்குள் இருக்கிறது.

பலாலி ஓடுதளம் பிரித்தானிய விமானப்படை இரண்டாம் உலகப் போரில் அமைத்தது. அதனால் அம்மப்பா சொன்னது நடந்திருக்கக்கூடிய கதைதான். இனி வண்டியைக் கேட்போம். முன் கிறில்லில் ஒன்பது நீட்டுத் துளைகள் உண்டா? சாரதி இருக்கையைத் தூக்கினால் கீழே பெற்றோல் தாங்கியின் மூடி தெரிகிறதா? பின்பக்கம் திறக்கும் கதவு இல்லாமல் அடைத்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அநேகமாகப் போர்க்கால வண்டி. 1945க்குப் பின் பொதுமக்களுக்கு வந்த ஜீப்பில் ஏழு துளைதான், பின்கதவும் இருக்கும்.

அப்புறம் ரோச் லைற்றோடு கீழே படுங்கள். ரேடியேற்றருக்கு அடியில் இரண்டு சட்டங்களையும் இணைக்கும் குறுக்குத் துண்டு உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ் நிறுவனம் செய்தது, பெட்டிபோல இருந்தால் ஃபோர்ட் நிறுவனம் செய்தது. ஃபோர்ட் செய்த வண்டியில் போல்ற் தலைகளில்கூட 'எஃப்' எழுத்து பொறித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் ஒன்றைத் துடைத்துப் பாருங்கள். எண்பது வருட அழுக்குக்குள்ளிருந்து அந்த எழுத்து தெளிந்து வரும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு படபடக்கும்.

பொனற்றின் பக்கவாட்டில் சில்லறைக் காசு அளவு இடத்தை மட்டும் தண்ணீர் தொட்டு வோட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மெதுவாகத் தேயுங்கள். பெயின்ற் படைகள் வெங்காய வளையம்போல ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். அடியில் ஒலிவ் பச்சையும் அதன்மேல் வெள்ளைக் கீறும் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். பிரித்தானியத் தரைப்படை ஜீப்புகளுக்கு 'எம்' எழுத்தோடு தொடங்கும் இலக்கம் அந்த இடத்தில்தான் எழுதப்பட்டது. இளந்தாரி வயதில் நான் ஒரு பொனற்றை அவசரமாகத் தேய்த்து, இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களை அழித்துவிட்டேன். அந்த வண்டி எந்தப் பிரிவில் ஓடியது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. அந்தக் கவலை இன்னும் போகவில்லை.

எஞ்சினை உடனே ஸ்டார்ற் பண்ணிப் பார்க்க வேண்டாம். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக்காலத்தில் மற்ற வண்டிகளைப்போல இதுவும் மண்ணெண்ணெயில் ஓடியிருந்தால், எரியாத எண்ணெய் இறங்கிக் கீழே ஒயிலோடு கலந்திருக்கும். பழைய ஒயிலை முழுதாக இறக்கிப் புதிதை ஊற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் டீசலும் ஒயிலும் விட்டு ஒரு கிழமை விடுங்கள். பிறகு முன் பம்பரில் இருக்கும் துளைவழியாக, எஞ்சினைச் சுற்றும் வளைந்த கைப்பிடிக் கம்பியைப் போட்டுக் கையால் சுற்றுங்கள். இறுகினால் பலவந்தம் வேண்டாம், இன்னொரு கிழமை பொறுங்கள்.

பற்றறி வாங்க முன்னர் பல்புகளைப் பாருங்கள். இந்த வண்டி 6 வோல்ற்றில் பிறந்தது. யாராவது 12க்கு மாற்றியிருக்கவும் கூடும்.

பொனற்றில் இலக்கம் தெரிந்தால், பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கராஜ்காரரை அதுவரை காத்திருக்கச் சொல்லுங்கள்.