பதில்: நாலு வயசுப் பையன் தங்கச்சியை அடிக்கிறான்

வணக்கம் சகோதரி. பையன் தங்கச்சியை அடிக்கிறான், அப்பா அடித்தால் இன்னும் மோசமாகிறான், பாட்டி போனைக் கொடுத்தால்தான் அடங்குகிறான் என்று எழுதியிருந்தீர்கள். ஒரே தப்புக்கு வீட்டில் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்று அப்பாவின் அடி காட்டுகிறது. கத்தினால் காரியம் நடக்கும் என்று போன் பழக்குகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் விவரித்த நிர்ப்பந்தச் சுழல் இதுதான்: பிள்ளை கத்த, பெரியவர் இறங்கிவர, அந்த நொடியில் இருவருக்கும் நிம்மதி. அதனால்தான் மறுபடி மறுபடி நடக்கிறது.

முதலில் பெரியவர்கள் மூவரும் உட்கார்ந்து ஒரே விதி பேசுங்கள்: அடித்தால் விளையாட்டு நிற்கும். அவன் கை ஓங்கும்போதே மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, "அடிக்கக் கூடாது. பொம்மை வேணும்னா கேளு" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான், பிரசங்கம் வேண்டாம். அடித்துவிட்டால் முதலில் பாப்பாவைக் கவனியுங்கள். அவனை உங்கள் கண்ணெதிரே 4 நிமிடம் தனியாக உட்கார வையுங்கள். இருட்டறை, பூட்டிய கதவு கூடவே கூடாது.

போனை நிறுத்தியதும் முதல் சில நாள் அழுகை கூடும். பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான். பாதியில் கொடுத்தால் இன்னும் நீளமாகக் கத்தப் பழகுவான். பாட்டியிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்.

தினமும் 10 நிமிடம் அவனோடு மட்டும் விளையாடுங்கள். "பாப்பாவுக்குக் கார் கொடுத்தியே" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். இரண்டு மாதத்தில் குறையாவிட்டாலோ, பேச்சு தாமதமாக இருந்தாலோ குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.