கிபாலேயில் நீங்கள் பார்த்தது கொலோபஸ் இல்லை

வணக்கம் நண்பரே. உகாண்டாவின் கிபாலே காட்டில், சாலையோரம் தரையில் நடந்துபோன வெண்தாடிக் கருங்குரங்கு கறுப்பு வெள்ளைக் கொலோபஸா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அது லோயஸ்ட் குரங்கு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: முதுகில் செம்பழுப்புத் திட்டு இருக்கும், வால் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். தரையில் நடமாடுவது அதன் வழக்கம்.

கொலோபஸ் பெரும்பாலும் மரத்திலேயே இருக்கும். விலாவோரம் வெள்ளை முடி சால்வைபோல் தொங்கும், வால் நுனியில் வெண்குஞ்சம். கையில் கட்டைவிரல் பெயரளவுக்குத்தான்.

சிம்பன்சி, தேவாங்கின் உறவான இரவாடிகள் எல்லாம் சேர்த்து அங்கே குரங்கு வரிசையைச் சேர்ந்த 13 இனங்கள். பலரும் சிம்பன்சிக்காகவே போகிறார்கள். நீங்கள் இந்த லோயஸ்ட் குரங்கை நின்று கவனித்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அழியும் ஆபத்தில் உள்ள இனம் இது. படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.