மழையில் ஹோத்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மழை நாளிலும் கடலோரம் நடக்கலாம் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சனிக்கிழமை டார்ட் புறநகர் ரயிலில், டப்ளினுக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கும் ஹோத் போனோம். பாறைமேட்டுப் பாதையில் அரை மணி நேரம்கூட நடக்க முடியவில்லை. குடை திருப்பிக்கொண்டது, சின்னவள் அழுதாள், தொப்பலாக நனைந்து திரும்பினோம். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது. சென்னையைவிட இரண்டு மடங்கு மழை பெய்யும் இந்த அயர்லாந்தில் இதெல்லாம் தேவைதானா?

டப்ளினிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தேவைதான். ஆனால் குடையும் ஜீன்ஸும் வேண்டாம் என்று அந்தக் கட்டுரையிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். விட்டுப்போனது என் தவறு, மன்னியுங்கள்.

மழைக் கணக்கு நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. பெய்கிறது, டப்ளினில் 750 மி.மீ. அளவுதான். சென்னை அதில் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். டப்ளின் ஏறத்தாழ 150 நாட்களுக்குப் பிரித்துத் தூவுகிறது. நாட்டின் மேற்குக் கரையில் இன்னும் அதிகம், 225 நாட்கள் வரை போகும். மழையில்லாத சனிக்கிழமைக்குக் காத்திருந்தால் அம்மாவின் திரும்பும் டிக்கெட் தேதி முதலில் வந்துவிடும்.

உங்களைத் திருப்பி அனுப்பியது காற்று. அந்த மேட்டில் ஒதுங்க மரமோ சுவரோ கிடையாது, மழை பக்கவாட்டில் வந்து அறையும். கிளம்புமுன் வானிலைத் துறையின் அறிவிப்பில் மழையைவிடக் காற்றைப் பாருங்கள். மஞ்சள் எச்சரிக்கை இருந்தால் மேட்டுப் பாதையை அன்றைக்கு மறந்துவிடுங்கள். விளிம்பில் பெரும்பாலும் தடுப்பு இல்லை, சேறு வழுக்கும். நீங்கள் திரும்பியது சரியான முடிவு. ஆனால் நேராக ரயில் நிலையத்துக்குப் போனீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வருத்தம்.

என் அம்மா வந்திருந்தபோது, ஒரு மே மாதம், எங்களுக்கும் இதேதான் நடந்தது. இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டோம். அப்புறம் துறைமுகத்தில் கடலுக்குள் நீளும் மேற்குத் தளத்தில் கடைசிவரை நடந்தோம். 1821இல் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜ் அங்கேதான் கப்பலிலிருந்து இறங்கினார். அவர் கால் வைத்த இடத்தில் இரண்டு பாதங்களின் அச்சைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தேய்ந்துபோயிருந்தாலும் பள்ளம் தெரியும். அன்று இரண்டிலும் மழைத் தண்ணீர் நின்றது. என் மகள் தன் ரப்பர் பூட்ஸை உள்ளே வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அம்மா புடவைக்கு மேல் என் ரெயின் கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே சீல்கள் தலையைத் தூக்கின. சூடாக மீனும் சிப்ஸும் வாங்கி, கடை வாசல் கூரைக்குக் கீழே நின்றே சாப்பிட்டோம்.

மழை விட்டதும் பஸ் பிடித்து மேட்டின் உச்சியான சம்மிட் போனோம். வயதானவர்கள் இருந்தால் இதுதான் வழி. கீழிருந்து முழுச் சுற்று 6 கி.மீ. வரும். சம்மிட்டில் இறங்கினால் சில நிமிட நடையில் பெய்லி கலங்கரை விளக்கம் கீழே தெரியும். 1814இல் கட்டியது. அயர்லாந்தில் கடைசியாக, 1997இல், ஆளில்லாமல் இயங்கத் தொடங்கிய கலங்கரை விளக்கம் அது. நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா காதில் வாங்கவில்லை. “யாரோ தேங்காய் துருவுற மாதிரி வாசனை வருதே” என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். மேடு முழுக்க கோர்ஸ் என்ற முட்புதர் மஞ்சளாகப் பூத்திருந்தது. வெயில் பட்டால் அந்தப் பூ அசல் தேங்காய் வாசம் வீசும். ஐந்து வருடம் அங்கே நடந்தும் எனக்கு அது தெரிந்ததில்லை.

திரும்பும் ரயிலில் என் அம்மாவும் ஒன்றும் பேசவில்லை. பிடிக்கவில்லை போல என்று நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். இப்போது போனில் இங்கே மழை என்று சொன்னாலே, “அந்த ராஜா கால்ல தண்ணி நிக்குதா?” என்று கேட்கிறாள். உங்கள் அம்மாவிடம் நேராகக் கேட்டுவிடுங்களேன்.

கேட்டுவிட்டு, முடிந்தால் ஜூலைக்குள் இன்னொரு முறை போங்கள். கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் அந்தப் பாறைகளில் கூடு கட்டியிருக்கும் காலம் இது. தங்கள் பெயரையே சொல்லிக் கத்தும், பிள்ளைகள் உடனே திருப்பிக் கத்துவார்கள். ஆகஸ்ட்டில் அவை கடலுக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு ஜீன்ஸுக்குப் பதில் சீக்கிரம் காயும் பேன்ட், அதன்மேல் மழைக்கான உறைப் பேன்ட். எல்லோருக்கும் ஒரு ஜோடி மாற்று சாக்ஸ், பிளாஸ்டிக் பையில் கட்டி. அம்மாவுக்கு மட்டும் இரண்டு ஜோடி.