மருந்துக்கடைக்குத் திரும்பிய கவிஞன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஆங்கில இலக்கியம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறையில் டான் சிம்மன்ஸின் ‘ஹைப்பீரியன்’ நாவலையும் அதன் தொடர்ச்சியான ‘ஹைப்பீரியனின் வீழ்ச்சி’யையும் படித்தேன். வகுப்பில் ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸை வரிவரியாகப் படித்தவள் என்பதால் முதலில் குதூகலமாக இருந்தது. போகப்போகச் சங்கடமாகிவிட்டது. எதிர்காலத்தில் செயற்கை அறிவு இயந்திரங்கள் கீட்ஸை மறுபடி செய்கின்றன. அவனுக்கு ஓர் உடல், ஒரு காதலி, நடுவில் ஒரு துப்பறியும் கதை. ஒரு மகாகவியைப் பொம்மையாக்கி அவர் பெயரின் மதிப்பைக் கடன் வாங்குவது ஆகாதா இது? எல்லா நோய்க்கும் மருந்து இருக்கக்கூடிய காலத்திலும் அவனைக் காசநோயில்தான் சாகடிக்க வேண்டுமா? பிழைக்கவைத்து, கீட்ஸ் பாதியில் விட்ட ‘ஹைப்பீரியன்’ காவியத்தை முடிக்கவைத்திருக்கலாமே என்று கோபமாகவே வந்தது. இதை ஆய்வேட்டுக்கு எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

எம்.,
திருநெல்வேலி

*

அன்புள்ள எம்.,

கீட்ஸைச் சாகவிட்டதற்காக ஒரு நாவலாசிரியர்மேல் கோபப்படும் வாசகி இன்றும் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்தக் கோபத்தோடு ஒரு வார்த்தை மாறுபடத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டபடி அவரைப் பிழைக்கவைத்த நாவல் ஒன்று இருக்கிறது. வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதி 1990இல் வந்த ‘தி டிஃபரன்ஸ் எஞ்சின்’. கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தான் கனவு கண்ட கணக்கிடும் இயந்திரங்களைக் கட்டி முடித்திருந்தால் இங்கிலாந்து என்னவாகியிருக்கும் என்பது அதன் கற்பனை. கதை பெரும்பாலும் 1855இல் நடக்கிறது. அந்த உலகில் கவிஞர் பைரன் கிரீஸில் இறக்கவில்லை, பிரதமராக இருக்கிறார். கீட்ஸும் ரோமில் இறக்கவில்லை. அறுபதை நெருங்கும் வயதில் லண்டனில் இருக்கிறார். ஆனால் நாம் அங்கே சந்திப்பது கவிஞரை அல்ல. நீராவிக் கணிப்பொறியால் பெரிய திரையில் படம் காட்டும் கைனோட்ரோப் என்ற கருவியின் கலைஞரைத்தான் சந்திக்கிறோம். தொழிலில் கெட்டிக்காரர். அந்தப் பக்கத்தைக் கடந்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. உயிரைக் கொடுத்துவிட்டு மற்றதை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றியது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றை ருட்யார்ட் கிப்ளிங் 1902இலேயே எழுதிவிட்டார். பெயர் ‘வயர்லெஸ்’. மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கம்பியில்லாத் தந்தியைப் பெற்று ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. இங்கிலாந்தின் கடலோர ஊர் ஒன்று, கடுங்குளிர் இரவு, ஒரு மருந்துக்கடை. பின்னறையில் கடைக்காரரின் உறவுக்கார இளைஞர் மார்க்கோனி கருவியோடு பூல் நகரிலிருந்து வரவேண்டிய சமிக்ஞைக்காகக் காத்திருக்கிறார். முன்பக்கத்தில், வண்ண நீர் நிரப்பிய பெரிய கண்ணாடிச் சாடிகளின் வெளிச்சத்தில், கடை உதவியாள் ஷேனர். காசநோயாளி, இருமினால் கைக்குட்டையில் இரத்தம் படிகிறது. அவன் காதலிக்கும் பெண்ணின் பெயர் ஃபேனி பிராண்ட். கீட்ஸின் காதலி பெயர் ஃபேனி பிரான் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கதைசொல்லி கடைச் சரக்குகளைக் கலந்து கொடுத்த ஒரு பானத்தைக் குடித்துவிட்டு ஷேனர் தூக்கமும் விழிப்பும் அல்லாத ஒரு நிலைக்குப் போகிறான். கை மட்டும் எழுதுகிறது. எழுதுவது கீட்ஸின் ‘செயின்ட் ஆக்னஸ் திருநாளின் முன்னிரவு’. வரிகள் முழுசாக வருவதில்லை. தவறான சொல்லில் தடுக்குகிறான், அடிக்கிறான், மறுபடி எழுதுகிறான், சரியான சொல்லை நெருங்குகிறான். கீட்ஸை மனப்பாடமாக அறிந்த கதைசொல்லி அவன் தோளுக்குப் பின்னால் நின்று, அந்த வரி வந்துவிட வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இலக்கியத்தில் நான் படித்த மிகப் பதற்றமான காட்சிகளில் இது ஒன்று. அங்கே ஆபத்தில் இருப்பது ஒரு சொல் மட்டும்தான். விழித்த பிறகு கேட்டால், கவிதை படிக்கத் தனக்கு நேரமில்லை என்கிறான் ஷேனர். கீட்ஸ் என்ற பெயர் அவன் நினைவில் இல்லை. பிரபலமான எழுத்தாளரா என்று விசாரிக்கிறான்.

ஏன் மருந்துக்கடை? கீட்ஸ் பதின்ம வயதிலேயே ஓர் அறுவை மருத்துவரிடம் தொழில் பழகப் போனவர். 1815இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் சேர்ந்தார், 1816இல் மருந்தாளுநர் உரிமம் பெற்றார், பிறகு அதை விட்டுக் கவிதைக்கு வந்தார். 1818இல் அவருடைய நெடுங்கவிதை ‘எண்டிமியன்’ வெளியானபோது ‘பிளாக்வுட்ஸ்’ இதழில் வந்த மதிப்புரை, பட்டினி கிடக்கும் கவிஞனாக இருப்பதைவிடப் பட்டினி கிடக்கும் மருந்துக்காரனாக இருப்பது மேல், ஆகவே கடைக்கே திரும்பிப் போ, பிளாஸ்திரிக்கும் மாத்திரைக்கும் களிம்பு டப்பாவுக்கும் போ என்று எழுதியது. ஒரு மனிதனின் பிறப்பையும் பிழைப்பையும் காட்டி அவன் கவிதையை அடிப்பதைவிடக் கேவலமான விமர்சனம் கிடையாது. கிப்ளிங் இந்த மதிப்புரையை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தக் கதையை என்னால் இதற்கான பதிலாகத்தான் படிக்க முடிகிறது. சரி, அவனைக் கடைக்கே அனுப்பியாயிற்று. அவனுக்குக் கீட்ஸ் என்ற பெயர்கூடத் தெரியாது. அப்படியும் அந்த வரிகள் மாத்திரைகளுக்கு நடுவில் அவனைத் தேடி வந்துவிட்டன!

கதை முடியும்போது பின்னறைக் கருவி உயிர்பெறுகிறது. பூலிலிருந்து வரும் செய்தி அல்ல அது. ஒயிட் தீவுக்கு அப்பால் இரண்டு போர்க்கப்பல்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று அனுப்புவது மற்றதற்குப் புரியவில்லை. இரண்டின் பேச்சும் இந்தக் கடையில் கேட்கிறது. ஷேனரும் கீட்ஸும் அந்தக் கப்பல்கள்தான்.

சிம்மன்ஸின் நாவல் வந்தது 1989இல், கிப்ளிங்குக்கு 87 ஆண்டுகள் கழித்து. கிப்ளிங் சூழ்நிலையை மறுபடி அமைத்தார்: கடை, நோய், காதல், குளிர். வரிகள் வந்தன, கவிஞன் வரவில்லை. சிம்மன்ஸ் ஆளை மறுபடி அமைக்கிறார்: உடல், நினைவு, முகம். ஆள் வந்துவிட்டான். ஜானி என்ற அந்த முதல் நகல் தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு பெண் துப்பறிவாளரிடம் போகிறான். அவள் பெயர் பிரான் லேமியா. காதலியின் குடும்பப் பெயரும் கீட்ஸின் ஒரு கவிதைத் தலைப்பும் சேர்ந்த பெயர்.

நீங்கள் சொல்லும் ‘கடன் வாங்குதல்’ இந்த வரிசையில் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1996இலும் 1997இலும் வந்த சிம்மன்ஸின் எண்டிமியன் நாவல்கள் இரண்டிலும் கீட்ஸ் பெரும்பாலும் ஒரு பெயர்ச்சீட்டாகச் சுருங்கிவிட்டார். அவற்றை இரண்டாம் முறை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் கோபப்பட்ட அந்த மரணக் காட்சி வேறு.

உண்மையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1820 பிப்ரவரி 3ஆம் தேதி இரவு, கீட்ஸ் குளிரில் வண்டியின் வெளிப்புறத்தில் அமர்ந்து வீடு திரும்புகிறார். படுக்கையில் இருமியபோது விரிப்பில் ஒரு துளி இரத்தம். நண்பர் பிரவுனிடம் மெழுகுவர்த்தியைக் கொண்டுவரச் சொல்லி அதைப் பார்க்கிறார். இந்த நிறம் எனக்குத் தெரியும், இது தமனி இரத்தம், இந்தத் துளி என் மரண உத்தரவு என்கிறார். மருத்துவம் படித்தவரின் வாக்கு அது. அதோடு, 1818 டிசம்பரில் தம்பி டாம் இதே நோயில் இறக்கும்வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். தம்பி இருமிக்கொண்டிருந்த அந்த இலையுதிர்காலத்தில்தான் ‘ஹைப்பீரியன்’ காவியத்தைத் தொடங்கினார். பள்ளத்தாக்கின் நிழலில் ஆட்சி இழந்து கிடக்கும் சேட்டர்ன் என்ற ரோமானியத் தெய்வத்தின் உணர்ச்சியற்ற கிழட்டு வலக்கையை அவர் வருணிக்கும்போது, எழுதும் அறைக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கும் ஒரு பத்தொன்பது வயதுக் கை இருந்தது.

நோய்தான் கவிதையைத் தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது கொடுமையான பேச்சு. நோய் அவரிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டது. ரோமில் மருத்துவர் உணவைக் குறைத்து, இரத்தத்தையும் வடித்து எடுத்தார். நான் சொல்வது வேறு. தனக்கு நோய் வருவதற்கு முன்பே கீட்ஸ் சாவை உட்கார்ந்து பார்த்து எழுதியவர். அவருக்கு எந்த நூற்றாண்டிலிருந்து மருந்து கொண்டுபோனாலும் டாம் படுத்திருந்த கட்டிலருகே உட்கார்ந்தவருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கட்டிலையும் சேர்த்து அழித்துவிட்டால் மிஞ்சுபவர் கைனோட்ரோப் கலைஞர்.

சிம்மன்ஸின் இரண்டாவது நகல் ஜோசப் செவர்ன் என்ற பெயரில் வருகிறான், கையில் படம் வரையும் புத்தகத்தோடு. உண்மைச் செவர்ன் கீட்ஸோடு ரோமுக்குப் போன இளம் ஓவியர். ஸ்பானியப் படிக்கட்டுகளை ஒட்டிய அந்த வீட்டில் அடுப்பு மூட்டி, புத்தகம் வாசித்துக் காட்டி, இரவெல்லாம் கண்விழித்தவர். 1821 ஜனவரி 28ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்கு, தான் தூங்கிவிடாமல் இருப்பதற்காகக் கீட்ஸின் முகத்தை வரைந்தார். வியர்வையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்கும் அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிப்ரவரி 23ஆம் தேதி கீட்ஸ் இறந்தார். வயது 25.

நாவலில் சாகிறவன் தன்னைக் காத்தவரின் பெயரைச் சுமந்துகொண்டு சாகிறான். அவன் கட்டிலருகே உட்கார்ந்திருப்பவரின் பெயர் லீ ஹன்ட். உண்மை லீ ஹன்ட் 1816இல் கீட்ஸின் முதல் கவிதையைத் தன் இதழில் அச்சிட்டவர், ஆனால் ரோமில் அவர் இல்லை. அவர் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தபோது 1822 ஆகிவிட்டது. வர முடியாமல் போன நண்பரைப் பல நூறு ஆண்டுகள் கழித்து, வேறொரு பூமியில், அந்த நாற்காலியில் உட்காரவைக்கிறார் சிம்மன்ஸ். இதைப் பொம்மை விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எம்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவரே துக்கம் காத்த ஒரு பெண்தான். மேரி ஷெல்லி 1826இல் வெளியிட்ட ‘கடைசி மனிதன்’ 21ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோயால் மனித இனமே அழியும் கதை. அதில் ஏட்ரியன் என்பவன் அவர் கணவர், கவிஞர் பெர்சி ஷெல்லியின் சாயல், ரேமண்ட் பிரபு பைரனின் சாயல். பெர்சி 1822 ஜூலையில் கடலில் மூழ்கி இறந்திருந்தார். இத்தாலிக்கு வந்திறங்கிய ஹன்ட்டை வரவேற்றுவிட்டுத் திரும்பும் வழியில்தான் அது நடந்தது. கரை ஒதுங்கிய உடலின் சட்டைப்பையில் கீட்ஸின் கவிதைத் தொகுதி இருந்தது. மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதக் கூடாது என்று பெர்சியின் தந்தை தடுத்துவிட்டார். மேரி கணவரை எதிர்காலத்துக்குக் கொண்டுபோய் அங்கே எழுதினார். 1824 மே 14ஆம் தேதி நாட்குறிப்பில், கடைசி மனிதனின் தனிமை என்னவென்று எனக்குத் தெரியும், என் கூட்டத்தில் நான்தான் மிச்சம் என்ற பொருளில் எழுதுகிறார். பைரன் இறந்த செய்தி மறுநாள் வருகிறது.

அந்த நாவலில் ஏட்ரியனைக் கொள்ளைநோய் தொடவில்லை. உலகமே செத்தும் அவன் பிழைத்துவிட்டான். மேரி நினைத்திருந்தால் அவனைக் கடைசிப் பக்கம்வரை வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவனைப் படகில் ஏற்றி, புயலை வரவழைத்து, மறுபடி கடலில் விட்டுவிடுகிறார். எந்த மனைவியும் இதை லேசாகச் செய்திருக்க மாட்டாள். அவரைத் தாண்டி எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

காவியத்தை முடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கீட்ஸின் ‘ஹைப்பீரியன்’ மூன்றாம் பாகத்தில் அப்பல்லோ தெய்வமாக மாறும் கணத்தில், வாக்கியம் முடியாமலேயே நின்றுவிடுகிறது. 1820 தொகுதியில் பதிப்பகத்தார், ‘எண்டிமியன்’ சந்தித்த எதிர்ப்பால் மனம் தளர்ந்து ஆசிரியர் இதைத் தொடரவில்லை என்று ஒரு குறிப்புப் போட்டார்கள். கீட்ஸ் ஒரு பிரதியில் அதை அடித்துவிட்டு, இது என் வேலையல்ல, அப்போது நான் நோயுற்றிருந்தேன் என்றும், குறிப்பின் முடிவில் இது பொய் என்றும் எழுதினார். ஏன் முடியவில்லை என்ற காரணத்தைக்கூடப் பிறர் எழுத அவர் சம்மதிக்கவில்லை. சிம்மன்ஸும் இரண்டு நகல்களில் எவனையும் அந்த வாக்கியத்தை முடிக்கவைக்கவில்லை. நூற்றாண்டுகளாகக் காவியம் எழுதிக்கொண்டிருப்பவன் மார்ட்டின் சைலீனஸ் என்ற வேறொரு கவிஞன், வாய் திறந்தால் வசவு கொட்டும் கிழவன். அவன் எழுதுவது அவனுடைய காவியம்.

ஆய்வேட்டுக்குத் தாராளமாக எடுங்கள். ஆனால் சிம்மன்ஸில் தொடங்காதீர்கள், கிப்ளிங்கில் தொடங்குங்கள். ஒரே இருப்பில் படித்துவிடலாம். பிறகு மேரி ஷெல்லி. முதல் பாகம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக ஓர் இரவு கீட்ஸின் அந்த மூன்றாம் பாகத்தை அறையில் தனியாக இருக்கும்போது வாய்விட்டுப் படியுங்கள். அப்பல்லோ அலறியதும் வரி நின்றுவிடும், அதற்குப் பிறகு வெறும் நட்சத்திரக் குறிகள். அந்த இடத்தில் உங்கள் குரல் என்ன செய்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.