ஐஸ் ஹாக்கியில் 'ஜர்னிமேன்' கோல்கீப்பர் என்றால் யார்?

அணி அணியாக மாறி, பெரும்பாலும் இரண்டாவது கோல்கீப்பராகவே காலம் தள்ளுபவர். வலைக்கு முன் ஒருவர்தான் நிற்க முடியும். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் 32 அணிகள், அணிக்கு இரண்டு பேர். மொத்தமே சுமார் 64 வேலை. முதல் ஆள் நன்றாக ஆடினால் இவர் தொப்பி போட்டுக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார வேண்டியதுதான். கார் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி மாதிரி: பஞ்சர் ஆகும்வரை யாருக்கும் ஞாபகம் வராது.

கனடாவின் கர்டிஸ் மெக்கெல்ஹினி 8 அணிகளுக்கு ஆடியவர். 2018இல் டொரான்டோ அணி விட்டுவிட, கரோலினா அணி எடுத்துக்கொண்டது. 2019 ஏப்ரல் கடைசியில் அந்த அணியின் முதன்மை கோல்கீப்பருக்குக் காயம். அப்போதுதான், 35 வயதில், முதன்முறையாக ஒரு பிளேஆஃப் ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து ஆடினார், ஜெயிக்கவும் செய்தார்.

அணி மாறுகிறவர் என்றால் மட்டமான ஆட்டக்காரர் என்று நினைக்காதீர்கள். ஒரு அணி விட்டதும் இன்னொன்று அழைக்கிறதே!