ஏக்யூவில் 26 வந்தால் ஆட்டிசம் இல்லை என்று ஆகிவிடுமா?

வணக்கம். ஆட்டிசப் பண்புகளை அளக்கும் ஏக்யூ வினாத்தாளில் 26 வந்தது, வரம்பான 32-ஐத் தொடாததால் டாக்டர் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். இத்தனை வருடம் மனதில் சுமந்த கேள்விக்கு இது பதிலே இல்லைங்க.

அந்த 50 கேள்விகளைக் கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹன் குழு 2001-இல் வெளியிட்டது. அதே ஆய்வில், ஆட்டிசம் ஏற்கெனவே உறுதியானவர்களில்கூட ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 32-க்குக் கீழேதான் இருந்தார். கடும் பதற்றம் உள்ளவருக்கு ஆட்டிசம் இல்லாமலே எண் ஏறுவதும் உண்டு.

ஒரு கேள்வியைப் பாருங்கள்: உங்களிடம் பேசுபவர் வெளிப்படையாகச் சொல்லாததைப் புரிந்துகொள்வது உங்களுக்கு எளிதா? பல வருடம் மனிதர்களைக் கவனித்துப் பழகியவர் ‘ஓரளவு ஆமாம்’ என்பார். அந்தப் பதிலுக்கு ஆட்டிச மதிப்பெண் பூஜ்ஜியம். அந்தப் புரிதலுக்காக அவர் மாலையில் எவ்வளவு களைத்துப் போகிறார் என்று தாளில் எங்கும் கேட்கவில்லை. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தக் களைப்புதான்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பே, ஏக்யூவின் பத்துக் கேள்விச் சுருக்கத்தில் 6 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, எண்ணைத் தாண்டி மருத்துவருக்குச் சந்தேகம் இருந்தாலோ முழு மதிப்பீடு தரச் சொல்கிறது.

பெரியவர்களை மதிப்பிட்டுப் பழகிய மனநல மருத்துவரையோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டையோ பாருங்கள். உங்களைச் சிறுவயதில் பார்த்த அம்மா, அக்கா யாராவது கூட வந்தால் ரொம்ப நல்லது. அப்புறம், அந்த வினாத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள். தயங்கிப் பதில் சொன்ன கேள்விக்குப் பக்கத்தில் நிஜமாக நடந்த ஒன்றை எழுதி எடுத்துப் போங்கள்.